எடுக்க மறந்த கல்

எங்கள் காலனிக்கு இப்போது வெளியாட்கள் இரண்டு காரியத்துக்குத்தான் வருகிறார்கள். ஒன்று, குளிக்க. இன்னொன்று, குப்பை கொட்ட இடம் பார்க்க. இரண்டு வகை ஆட்களையும் எனக்குப் பிடிக்காது. முதல் வகையோடு ஒரு மாதிரி ஒத்துப்போய்விட்டேன். இரண்டாவது வகையோடு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

காலனி செங்கல்பட்டிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் இருக்கிறது. கல் குவாரிக்காக உண்டான ஊர். குவாரி ஓடியவரை நூற்றைம்பது வீடுகள். இப்போது அறுபது தேறினால் அதிகம். இதற்கு மேல் தோண்ட அனுமதி இல்லை என்று மூடிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. முதலாளி கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார். கழற்ற முடியாத கிரஷர் துருப்பிடித்து நிற்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை வந்த பஸ் இப்போது ஒரு முறை வருகிறது, அதுவும் டிரைவருக்கு மனசு இருந்தால். மூன்று டீக்கடையில் ஒன்று மிச்சம். ஆண்கள் கூடுவாஞ்சேரி அபார்ட்மென்ட்களில் செக்யூரிட்டி. பெண்கள் நாவலூர் ஆபீஸ்களில் ஹவுஸ்கீப்பிங். நானும் அதுதான், ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எட்டு மாடிக்குச் சூப்பர்வைசர். அந்தக் கட்டடத்தின் காங்கிரீட்டில் எங்கள் ஊர் ஜல்லி இருக்கிறது. அங்கே யாருக்கும் தெரியாது, நான் சொன்னதும் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

என் அப்பாவும் அம்மாவும் அச்சரப்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நிலக்காரர் வாசலில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் அப்பா கல்லுடைக்க வந்தார். குவாரி அவரை நிமிர்ந்து நிற்க விட்டது. பதிலுக்கு அவருடைய நுரையீரலை எடுத்துக்கொண்டது. ஐம்பது வயதில் இருமி இருமியே செத்தார். அதனால் குவாரி இருந்த காலம் பொற்காலம் என்று யாராவது என் எதிரில் பேசினால் எனக்குக் கை பரபரக்கும். அது கெட்ட காலம். ஆனால் அந்தக் கெட்ட காலத்தில் எங்கள் ஆட்கள் தாங்களாகவே உண்டாக்கிய ஒரு நல்ல வழக்கம் உண்டு. முதலாளி சொல்லித் தரவில்லை, அரசாங்கமும் சொல்லித் தரவில்லை. அதற்குப் பெயர் ஆள் கல்.

பள்ளத்துக்குள் லாரி இறங்க ஒரு சரிவு இருந்தது. அதன் தலைப்பில் இடுப்பு உயரத்துக்கு, மேசை மாதிரி ஒரு தட்டைப் பாறை. காலையில் உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் ஒரு கல்லை அந்தப் பாறைமேல் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மேலே வரும்போது அவரவர் கல்லை அவரவரே எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். சாயங்காலம் வேட்டு வைப்பதற்கு முன் வேட்டுக்காரர் வந்து பாறையைப் பார்ப்பார். காலியாக இருந்தால் திரியைப் பற்றவைப்பார். ஒரே ஒரு கல் இருந்தாலும் பற்றவைக்க மாட்டார். கல் இருக்கிறது என்றால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சில்லை.

எழுதத் தெரியாத ஆட்கள், பெயர்ப் பட்டியல் போட முடியாது. ஆனால் கல்லைத் தெரியும். அப்பாவின் கல் கறுப்பில் வெள்ளைக் கோடு. அம்மாவுடையது கோழி முட்டை மாதிரி. வேதக்கார வீடுகளில் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போட்டிருப்பார்கள், மற்றவர்கள் குங்குமம் தொட்டிருப்பார்கள். பாறையைப் பார்த்ததுமே யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லிவிடலாம்.

கல்லை எடுக்க மறந்து வீட்டுக்குப் போனவர்களுக்குத் தண்டனை உண்டு. தேடிய ஒவ்வொருவரும் மறந்தவர் தலையில் ஒரு குட்டு வைப்பார்கள். சின்னவர் பெரியவர் கிடையாது, மேஸ்திரியானாலும் தலையைக் குனியத்தான் வேண்டும்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது காலனி முழுவதிடமும் குட்டு வாங்கினேன். அப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கடல் கரையைத் தின்றுகொண்டிருந்தது. அலையைத் தடுக்கக் கரையோரம் கொட்ட எங்கள் குவாரியிலிருந்து பெரிய பெரிய பாறைகள் லாரியில் போயின. ஒரு மணி நேரத் தூரத்தில் கடல் இருக்கிறது, நான் பார்த்தது இல்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பாறைமேல் என் கல்லை வைத்துவிட்டு இறங்கினேன், சோற்றைக் கொடுத்தேன், புறப்படத் தயாராக நின்ற லாரி டிரைவரைக் கெஞ்சி உள்ளே ஏறிவிட்டேன். அவர் வெளியூர்க்காரர், எங்கள் வழக்கம் தெரியாது. ஆள் கல் பாறையைத் தாண்டும்போது யாரும் பார்க்கக் கூடாதென்று சீட்டுக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

கடலைப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் ஒரு வாரம் பாடுபட்டுப் பெயர்த்த பாறையை அது ஒரு சத்தத்தோடு வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. காலனியில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அத்தனை பேரும் பள்ளத்துக்குள் என் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். பாறையில் குழி போட்டு வெடிமருந்து நிரப்பியாகிவிட்டது, திரி தொங்குகிறது, வேட்டுக்காரர் தீப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மருந்து நிரப்பிய குழியை வைத்துக்கொண்டு ஊரே கல்லைப் புரட்டித் தேடுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. குட்டு மட்டும் புரிந்தது. ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். அப்பா கடைசி. அவர் வைத்தது குட்டாகவே விழவில்லை.

அதை விடுங்கள். குவாரி மூடியதும் வேட்டு நின்றது, ஆள் கல்லும் நின்றது. பள்ளத்தில் மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் சேர்ந்து பச்சையாக ஒரு ஏரியே ஆகிவிட்டது. குழாயில் எங்களுக்கு நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். துவைக்க, குளிக்க, மாடு கழுவ எல்லாம் பள்ளம்தான். சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் நிற்பதும் அதனால்தான். மகளிர் குழுவில் கட்லா மீன்குஞ்சு வாங்கி விட்டோம், அதுவும் கைநீளத்துக்கு வளர்ந்தது. சாப்பாட்டுக்கு வேறு ஊருக்கு வேலைக்குப் போனாலும் நாங்கள் இங்கேயே குடியிருக்க முடிவது அந்தத் தண்ணீரால்தான்.

அந்தத் தண்ணீரைப் படம் பிடித்து யாரோ போனில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் கூட்டம். போன கோடையில் கூடுவாஞ்சேரியிலிருந்து தனியாக வந்த ஒரு கல்லூரிப் பையன் மூழ்கிப்போனான். அவன் உள்ளே இறங்கியதே யாருக்கும் தெரியாது. மறுநாள் ஸ்கூட்டர் தனியாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் தேடினோம். அவனுடைய அம்மா சரிவில் உட்கார்ந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாள் பூரா உள்ள கெடந்திருக்கானே, இத்தினி வூடு கீதே, ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டாள். எதிரில் அந்தத் தட்டைப் பாறை காலியாக இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். உயிர்ப்பலி வாங்கும் பள்ளத்தை மூடப்போகிறார்களாம். எதைப் போட்டு? டவுன் குப்பையைப் போட்டு. ஒரு அதிகாரி வந்து பார்வையிடுவாராம். செத்த பையனைக் காட்டி எங்கள் தண்ணீரில் குப்பை கொட்டப் பார்க்கிறார்கள். குப்பை விழுந்தால் கிணறு போகும், கிணறு போனால் மிச்சமிருக்கும் அறுபது வீடும் போகும்.

அன்றைக்கே டீக்கடையில் சொன்னேன், ஆள் கல்லைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று.

"இன்னாக்கா, பைத்தியமா ஒனக்கு?" என்றான் என் தம்பி. குவாரியில் துளை போட்டவன், இப்போது செக்யூரிட்டி. "வேட்டே இல்ல. எதுக்குக் கல்லு?"

"வேட்டுல செத்தா இன்னா, தண்ணில செத்தா இன்னா? உள்ள எத்தினி பேரு கீறான்னு தெரியணுமா வேணாவா? இனிமே ஒரு பொணம் வுழுந்துச்சு, அந்தாண்ட குப்பை லாரி வந்து நிக்கும், பாத்துக்கோ."

"அத்தே, அதுக்கு ஒரு ஆப் பண்ணிடலாம் அத்தே," என்றது டீக்கடைப் பெண். கம்ப்யூட்டர் படிக்கிறது.

"நீ ஆப் பண்ணி முடிக்கறதுக்குள்ள ரெண்டு பேரு உள்ள பூடுவான். போயி கல்லு பொறுக்கு."

சிரித்தார்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாறையைக் கழுவி வைத்திருந்தார்கள். காவலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. இருபது வருடம் ஜல்லி உடைத்தவள். கிரஷர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவள் தொண்டையே சைரன் மாதிரி ஆகிவிட்டது. அவளிடம் ஒரு விசிலும் கொடுத்தோம், தேவையில்லாமல். ஆழம் இல்லாத பக்கத்தில் கயிறு கட்டினோம். லாரி டியூப் நான்கு காற்றடித்து வைத்தோம்.

வந்தவர்கள் முதலில் எகிறினார்கள். நாவலூர் ஆபீஸ் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்று, "ஆன்ட்டி, கல்லு எதுக்கு? ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார்கள்.

"ஆமாப்பா, நீ உசுரோட வூட்டுக்குப் போய்ச் சேரணும்னு வேண்டுதல். வையி," என்றாள் அக்கா.

வைத்தார்கள். பிறகு அவர்களே புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அதிகாரி ஒரு சனிக்கிழமை காலை ஜீப்பில் வந்தார். எனக்கு லீவு, அதனால் அங்கேதான் இருந்தேன். நாற்பது வயது இருக்கும், கையில் ஒரு நீல ஃபைல். ஜீப்பை டிரைவரோடு சரிவில் நிறுத்திவிட்டு இறங்கப் போனார்.

"சார், கல்லு வெச்சிட்டு எறங்கு," என்றாள் அக்கா.

"நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கேம்மா."

"சரி சார். இன்ஸ்பெக்‌ஷன் கல்லு வையி."

அவருக்கு எரிச்சல். ஆனாலும் காலடியில் கிடந்த ஒரு சிவப்புக் கல்லை எடுத்து வைத்துவிட்டு இறங்கினார். நான் பின்னாலேயே போய்க் கிணறு, மீன், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபைலைத்தான் பார்த்தார். "ஒரு பையன் இறந்திருக்கானே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார். பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. "நீங்க போங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்று கையை ஆட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. மேலே ஏறி வீட்டுக்குப் போய் மீன் கழுவ உட்கார்ந்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு விசில். அக்கா அடித்த முதல் நிஜ விசில். ஓடினேன்.

குளித்தவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். அக்கா டிபன் சாப்பிடக் கால் மணி நேரம் டீக்கடைக்குப் போய் வந்திருக்கிறாள். ஜீப்பைக் காணவில்லை. பாறைமேல் சிவப்புக் கல் இருந்தது.

"அந்தாளு ஜீப்ல பூட்டிருப்பாங்க்கா. எதுக்குப் பேஜாரு?" என்றான் தம்பி. அந்த வாரம் அவனுக்கு நைட் டியூட்டி, தூங்கி எழுந்து வந்திருந்தான்.

"ஜீப்பு போச்சு. ஆளு ஏறுனத யாராச்சும் பாத்தீங்களா?" என்றேன்.

யாரும் பார்க்கவில்லை.

"நீகூட அன்னிக்கு லாரியில ஏறிக் கடலு பாக்கப் போனவதானே? அது மாதிரி இவுரும் போயிருப்பாரு."

"நான் பூட்டேன்னு நெனச்சிக்கினு அன்னிக்குத் திரியப் பத்த வெச்சாங்களாடா?" என்று கத்தினேன். "நான் உள்ளயே இருந்திருந்தா?"

அதற்குள் கீழே போன அக்கா தண்ணீர் ஓரத்துப் பாறையிலிருந்து எதையோ தூக்கிக் காட்டினாள். நீல ஃபைல்.

அதற்குப் பிறகு யாரும் ஜீப்பைப் பற்றிப் பேசவில்லை. தம்பி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆழத்தில் குதித்தான். டீக்கடைப் பெண் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. அப்படியே தீயணைப்பு நிலையத்துக்கும் சொன்னாள். வேறு இடத்துக்குப் போயிருக்கிறார்கள், வர நேரமாகும் என்றார்கள். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைகோத்து வரிசையாகத் தண்ணீருக்குள் நடந்தோம், காலால் துழாவியபடி. செத்த பையனையும் அப்படித்தான் தேடினோம். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த ஆபீஸ் பிள்ளைகள் இரண்டு பேர் யாரும் கூப்பிடாமலே வந்து வரிசையின் இரண்டு முனையிலும் நின்றுகொண்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் நான் அந்த மனிதரை நினைக்கவே இல்லை. பள்ளத்தைத்தான் நினைத்தேன். அதிகாரியே இங்கே செத்துப்போனால் நாளைக்கே குப்பை வந்துவிடும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பிறகு காலில் வழவழவென்று ஏதோ பட்டது. குனிந்து தொட்டால் பழைய லாரி டயர். அந்த நேரத்தில்தான் அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே யாரோ மத்தியானச் சோற்றுக்குக் காத்திருப்பார்கள் என்று தோன்றியது. அதற்கப்புறம் பள்ளம் மறந்துபோனது. ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

இரண்டரை மணி இருக்கும். தம்பியின் கண்கள் மிளகாய் மாதிரி சிவந்திருந்தன. நாங்கள் நாற்பது பேராவது தண்ணீரில் நின்றிருப்போம். மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"என்னம்மா ஆச்சு? யாரைத் தேடுறீங்க?"

சரிவில் அதிகாரி நின்றார். பக்கத்தில் டிரைவர்.

அக்காதான் சொன்னாள்:

"ஒன்னத்தான் சார்."

ஃபைலை மறந்துவிட்டு வாலாஜாபாத் வரை போய், அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறார். போனில் யாரோ பெரிய அதிகாரி கூப்பிட்டாராம். டிரைவர் ஜீப்பைச் சுற்றி ஓட்டிக்கொண்டு கிரஷர் பக்கம் வந்திருக்கிறார். இவர் அந்தப் பக்கத்து ஆட்டுப்பாதையில் ஏறிப் போயே போய்விட்டார். கல்லை நினைக்கவே இல்லை.

தம்பி தண்ணீரில் இருந்தபடியே ஒரு வார்த்தை சொன்னான். அதை எழுத முடியாது.

அதிகாரி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நனைந்த புடவைகள், டியூப்கள், நடுங்கிக்கொண்டிருந்த ஆபீஸ் பிள்ளைகள். "எனக்காகவா?" என்றார். "ஜீப் இல்லைன்னு பாக்கலையா?"

"ஜீப்பு இல்ல. கல்லு இருந்துச்சே," என்றேன்.

அவர் பாறைக்கு நடந்து போனார். சிவப்புக் கல் வெயிலில் தனியாக இருந்தது. அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தேன். இத்தனை மாதமாக அதிகாரிகளிடம் கேட்க நினைத்ததெல்லாம் வாயில் முட்டியது.

"சார், காலைல கேட்டியே, அந்தப் பையன் செத்ததுக்கு இன்னா சொல்றீங்கன்னு. அன்னிக்கு இந்தப் பாறைல கல்லு வெக்கற வழக்கம் நின்னு போயிருந்துச்சு. நாங்கதான் வுட்டுட்டோம். அது எங்க தப்பு. இனிமே வுட மாட்டோம். அதுக்குன்னு எங்க தண்ணில குப்பையக் கொட்டினா, இப்போ ஒன்னத் தேடினாங்களே, இவங்கல்லாம் எங்க சார் போவாங்க?"

அக்கா இடையில் புகுந்தாள்.

"அதெல்லாம் அப்பறம். மொதல்ல குட்டு வாங்கு சார்."

"குட்டா?"

வழக்கத்தைச் சொன்னேன். மேஸ்திரிகளே வாங்கியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். டிரைவர் பதறிப்போனார். அதிகாரி முகம் சிவந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, பிள்ளையார் முன்னால் செய்வதுபோல் இரண்டு கையாலும் தன் நெற்றிப்பொட்டில் தானே குட்டிக்கொண்டார்.

"அது செல்லாது சார்," என்றாள் அக்கா. "தேடுனவங்கதான் வெக்கணும். நாப்பது பேரு கீறோம். போனாப் போவுது, எல்லாருக்குமா சேத்து ஒண்ணு."

அவர் தலையைக் குனிந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வைத்தேன். மெதுவாக வைக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அன்று காலையில் அவர் கையை ஆட்டியதற்கும் சேர்த்துத்தான் வைத்தேன். அவர் தலையைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார். அப்போதுதான் தம்பி கரையேறினான். ஆபீஸ் பிள்ளைகளும் சிரித்தார்கள். நாற்பது பேரும் தொண்டை கிழியச் சிரித்தோம், அழாமல் இருப்பதற்காக.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பஸ் இன்னும் ஒரு முறைதான் வருகிறது. வரும் மாதத்தில் இன்னும் இரண்டு வீடு காலி செய்கிறார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பஞ்சாயத்துச் சுவரில் வேறு ஒரு காகிதம் ஒட்டினார்கள். குப்பைப் பட்டியலில் எங்கள் பள்ளம் இல்லை. ஆழமான பக்கம் வேலி போடுவார்கள், தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பார்கள், நன்றாக இருந்தால் சுத்தம் செய்து குழாயில் விடுவதைப் பற்றி யோசிப்பார்கள். யோசிப்பார்கள் என்றுதான் எழுதியிருந்தது. அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. ஆனால் வேலிக்கான கல்தூண்கள் வந்து இறங்கிவிட்டன. அதை நம்புகிறேன். குழாய் வரும் என்றால் போக மாட்டேன் என்று காலி செய்ய இருந்த இன்னொரு வீட்டுக்காரர் மூட்டையை அவிழ்த்துவிட்டார். அதையும் நம்புகிறேன்.

சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போகிற நாளில் அந்த அதிகாரியும் வந்தார். பாட்டில்களோடு இன்னும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் கல் தேடித் தடுமாறினார்கள். அவர் பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டு அதே சிவப்புக் கல்லை எடுத்துப் பாறைமேல் வைத்துவிட்டு இறங்கினார். அக்கா என்னை முழங்கையால் இடித்தாள்.

வேலை முடிந்தது. பாட்டில்களை ஜீப்பில் ஏற்றினார்கள். மற்ற இருவரும் தங்கள் கல்லை எடுத்துவிட்டார்கள். அவர் ஜீப்பில் ஒரு காலை வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார்!" என்று அக்கா கத்தினாள். கிரஷரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. "கல்லு!"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடி வந்தார்.